ஒரே அச்சு டிஸ்க் வாங்க எங்களிட்டக் காசில்லை, இருந்தாலும் வாங்க மாட்டம்

"செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யுங்கோ தம்பியவை. நாலு டிஸ்க். ஒரே கொம்பனி, ஒரே மொடல், ஒரே சைஸ். ஏலாதெண்டால் தொடாதீங்கோ."

இந்த வசனத்தை அஞ்சு வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம். கொழும்பில டிஸ்க் விக்கிற கடையில கேட்டம். கனடாவில ஐ.டி. வேலை செய்யிற அண்ணை ஒருத்தரிட்டக் கேட்டம். யூரியூப்பில எத்தினை தரம் எண்டு கணக்கில்லை. சொன்ன ஆக்கள் எல்லாரும் நல்ல மனசோடதான் சொன்னவை, அதில சந்தேகமில்லை. ஆனா ஒருத்தராவது நாங்கள் அந்தப் பெட்டிக்குள்ள எதை வைக்கப் போறம் எண்டு கேக்கேல்லை. மன்னார்த் தீவில இருந்துகொண்டு, சம்பளம் எடுக்கிற ரெண்டு பேரும் எடுக்காத ஏழு பேரும் சேர்ந்து, ஒரு நாஸ் பெட்டியும் நாலு புது டிஸ்க்கும் வாங்க எத்தினை மாசம் செல்லும் எண்டும் கேக்கேல்லை.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: நாஸ் எண்டால் வீட்டு நெட்வேர்க்கில கொழுவி வைக்கிற, உள்ள பல ஹார்ட் டிஸ்க் போடுற பெட்டி. வீட்டில இருக்கிற எல்லாற்ற போனும் கொம்பியூட்டரும் அதுக்குள்ள போட்டு எடுக்கலாம். கடையில வடிவான கறுப்புப் பெட்டியா விக்குது. எங்கட நாஸ் கறுப்புத்தான், ஆனா அது ஆரோ கழிச்சுவிட்ட பழைய டெஸ்க்டொப். பக்கத்து மூடி இல்லை. பல்லி பூராமல் நுளம்பு வலை கட்டியிருக்கிறம்.

அதுக்குள்ள கிடக்கிற டிஸ்க்குகளின்ட வரலாறு இது. ஒண்டு 4 டெராபைட், லண்டனில இருந்து வந்த ஒருத்தர் கொண்டுவந்து தந்தது. ஒண்டு 2 டெராபைட், ஒரு கடையின்ட சிசிடிவி பெட்டி பழுதாப் போக அதில இருந்து கழட்டினது. இன்னொரு 2 டெராபைட், கோதை உடைச்சு எடுத்த போர்ட்டபிள் டிஸ்க். கடைசி 1 டெராபைட், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவோட எங்களிட்ட வந்து சேர்ந்தது. நாலும் நாலு வயசு. வேகமும் வேற, சத்தமும் வேற.

உள்ள இருக்கிறது என்னெண்டு கேட்டால் இன்னும் கலவை. பேசாலையிலயும் வங்காலையிலயும் எடுத்த கூத்துப் பாட்டுகள், ஆட்களைப் பாடச் சொல்லிப் பதிஞ்சது. அண்ணாவிமாரின்ட கொப்பிகள், பக்கம் பக்கமாப் படம் எடுத்தது. எருக்கலம்பிட்டி, தாராபுரத்து உம்மம்மாமார் 1990 ஒக்டோபரைப் பற்றிச் சொன்ன கதைகள், எண்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட. விடத்தல்தீவில ஒரு வீட்டில கிடந்த விஎச்எஸ் கசெட்டுகள். 2025இல காற்றாலைக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிரா மன்னாரில சனம் இறங்கினபோது எங்கட போன்களில எடுத்த வீடியோக்கள். இதில பாதியை விலைக்கு வாங்கேலாது, திரும்ப எடுக்கவும் ஏலாது. சொன்ன ஆக்களில சிலர் இப்ப உயிரோட இல்லை.

இவ்வளவும் வச்சுக்கொண்டு, "நாலும் ஒரே மாதிரி வாங்கும் வரைக்கும் பொறுங்கோ" எண்டு சொன்னால் அதின்ட அர்த்தம் என்ன? கிழவிமாரைப் பொறுத்திருக்கச் சொல்லுறது.

பேரிலயே மலிவு எண்டுதான் இருந்தது

முதலில இந்த "ஒரே மாதிரி" கதை எங்க இருந்து வந்ததெண்டு பாப்பம். பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்டாப் பாவிக்கிற முறைக்கு ரெய்ட் எண்டு பேர். 1988இல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின்ட பெர்க்லி வளாகத்தில டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் எண்ட மூண்டு பேர் எழுதின கட்டுரையில இருந்துதான் அந்தப் பேர் வந்தது. அதில "ஐ" எண்ட எழுத்துக்கு அவை குடுத்த விரிவு "மலிவான". மலிவான டிஸ்க்குகளின்ட மிகையான அணி. அந்தக் காலத்தில பெரிய நிறுவனங்கள் பாவிச்ச ராட்சத விலை டிஸ்க்குக்குப் பதிலா, வீட்டுக் கொம்பியூட்டரில போடுற சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாச் சேர்த்தால் என்ன எண்டுதான் அவை கேட்டவை. பிறகு வியாபாரம் வந்து அந்த "மலிவான" எண்ட சொல்லை மெல்லக் கழட்டிப்போட்டு "தனித்தனியான" எண்டு மாத்திச்சு. பெட்டியை நல்ல விலைக்கு விக்க இருக்கிறவன் பேரில மலிவு எண்டு வச்சிருப்பானோ?

ஒரே அச்சு எண்டால் பாதுகாப்பு எண்ட நம்பிக்கையையும் ஒருக்கா உரைச்சுப் பாக்கவேணும். அந்த மூண்டு பேரில ஒருத்தரான கிப்சன், 2007இல பியாங்கா ஷ்ரோடரோட சேர்ந்து இன்னொரு ஆய்வு வெளியிட்டவர். ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்கின்ட பதிவுகளைப் பாத்திருக்கினம். கொம்பனித் தாளில வருஷத்துக்கு நூற்றுக்கு ஒண்டும் பழுதாகாது எண்டு போட்டிருந்த டிஸ்க்குகளை, நடைமுறையில ரெண்டு தொடக்கம் நாலு வீதம் வரைக்கும் மாத்த வேண்டி வந்திருக்கு. அதை விட முக்கியமான விஷயம், டிஸ்க்குகள் ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாமல் சாகேல்லை. ஒண்டு செத்தால் கிட்டடியில இன்னொண்டும் சாகிற வாய்ப்புக் கூட.

இதை விளங்க ஆய்வு தேவையில்லை எண்டும் சொல்லலாம். ஒரே நாள், ஒரே பட்டறை, ஒரே பிழை. ஒரே பெட்டிக்குள்ள ஒரே சூட்டில, ஒரே அளவு மணித்தியாலம் ஓடியிருக்கு. முதலாவது செத்த உடன மற்ற மூண்டையும் அடியில இருந்து நுனி வரைக்கும் வாசிக்கச் சொல்லி வேலை குடுக்கிறம். அதுகளும் அதே வயசுதான்.

நம்பாத ஆக்களுக்கு இன்னொரு கதை. 2019 நவம்பரில எச்பிஈ கொம்பனி ஒரு அறிவித்தல் விட்டது. தங்கட சேர்வர்களுக்கு வித்த சில எஸ்எஸ்டிகள், உள்ளிருக்கிற மென்பொருளில ஒரு பிழையால, சரியா 32,768 மணித்தியாலம் ஓடினதும் செத்துப்போம், தரவையும் திருப்பி எடுக்கேலாது எண்டு. மூண்டு வருஷம், 270 நாள், 8 மணித்தியாலம். 32,768 எண்டால் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு, புரோகிராம் எழுதுற ஆக்களுக்கு அந்த எண்ணைக் கண்டாலே சிரிப்பு வரும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. "ஒழுங்காச் செய்த" ஒருத்தர் எட்டு டிஸ்க்கை ஒரே நாளில வாங்கி ஒரே நாளில பூட்டியிருந்தால், எட்டும் ஒரே மணித்தியாலத்தில கண்ணை மூடும். எங்கட சிசிடிவி டிஸ்க்கும் லண்டன் டிஸ்க்கும் அப்பிடி ஒண்டாச் சாகிறதுக்கு ஒரு காரணமும் இல்லை.

நாங்கள் தோத்த கதை

சரி, கலந்து போட்டால் எல்லாம் சுபம் எண்டு சொல்ல வரேல்லை. சொன்னால் பொய். நாங்கள் ஒருக்காத் தோத்திருக்கிறம், அதை மறைச்சுப்போட்டு இந்தச் சண்டையைப் பிடிக்கேலாது.

2021இல முதல் முதல் கட்டினபோது, எங்களுக்குக் கிடைச்ச யூரியூப் படிப்பை வச்சு ரெய்ட் 5 போட்டம். அப்பவும் 4, 2, 2, 1 எண்டு நாலு டிஸ்க். அந்த முறையில சின்ன டிஸ்க்தான் எல்லாற்ற அளவையும் தீர்மானிக்கும். ஒவ்வொண்டிலயும் ஒரு டெராபைட்டைத்தான் எடுக்கும், அதிலயும் ஒரு பங்கு காவலுக்குப் போகும். மொத்தம் 9 டெராபைட் போட்டு எங்களுக்குக் கிடைச்சது 3. இது கலவையின்ட பிழை இல்லை. எல்லாரும் ஒரே உயரம் எண்டு நினைச்சுத் தைச்ச சட்டையை நாங்கள் ஒரு குடும்பத்துக்கே போட்டம்.

2022 மார்ச் கடைசி. 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை எண்டு அறிவிச்ச நாட்கள். (தீவின்ட தெற்குக் கரையில தம்பபவனி எண்ட பேரில 30 காற்றாடி நிண்டு சுத்துது. அதின்ட சத்தத்தை இருட்டுக்குள்ள இருந்து கேட்டனாங்கள். சரி, அது வேற கட்டுரை.) அந்த நேரம் பாத்து 1 டெராபைட் டிஸ்க் இருமத் தொடங்கிச்சு. ரூபாய் விழுந்து டிஸ்க் விலை நாளுக்கு நாள் ஏறுது. அவசரத்தில ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கை வாங்கி, கோதை உடைச்சு, பழசின்ட இடத்தில பூட்டினம். திரும்பக் கட்டுற வேலை தொடங்கிச்சு. ஒரு இரவில முடியவேண்டியது. மூண்டு நாளாகியும் பாதி தாண்டேல்லை.

ஏனெண்டு பிறகுதான் படிச்சம். சில டிஸ்க்குகளில தரவை கிடுகு வேயிற மாதிரி எழுதுவினம். ஒரு வரியின்ட ஓரத்துக்கு மேல அடுத்த வரி. இடம் மிச்சம், விலை குறைவு. ஆனா அடியில இருக்கிற ஒரு கிடுகை மாத்தவேணும் எண்டால் மேல இருக்கிற எல்லாத்தையும் கிளப்பவேணும். வேய்ஞ்ச ஆக்களுக்கு அந்தக் கரைச்சல் தெரியும். இங்கிலிஷில அதுக்கு எஸ்எம்ஆர் எண்டு பேர். ஒருக்கா எழுதி வச்சு வாசிக்கிறதுக்கு அது நல்ல டிஸ்க்தான். ரெய்ட்டில திரும்பக் கட்டுறபோது மூச்சு முட்டும். இதைப் பெட்டியில எழுதாமல் விக்கிறது பெரிய கொம்பனிகளும் செய்த வேலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்ர நாஸுக்கெண்டே வித்த ரெட் டிஸ்க்குகளில 2 தொடக்கம் 6 டெராபைட் வரையான சிலதை இப்பிடி மாத்திப்போட்டு, 2020 ஏப்ரலில பிடிபட்டபிறகுதான் ஒத்துக்கொண்டது. அந்த வருஷம் ஒரு பரிசோதனையில அப்பிடியான 4 டெராபைட் டிஸ்க் ஒண்டைத் திரும்பக் கட்ட ஒன்பது நாளுக்கு மேல எடுத்தது. சாதாரண டிஸ்க்குகள் அதே வேலையை ஒரு நாளுக்குள்ள முடிச்சிட்டுது. அதாவது "நாஸ் டிஸ்க், ஒரே மொடல், ஒழுங்கா" வாங்கின ஆக்களும் கிடுகுக்குக் கீழதான் இருந்திருக்கினம்.

எங்கட கதைக்கு வருவம். நாலாம் நாள், ஒரு கலியாண ஸ்ரூடியோவின்ட பழைய கொம்பியூட்டரில இருந்து வந்த 2 டெராபைட் டிஸ்க், ஒரு பழுதான இடத்தை வாசிக்க ஏலாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டு நிண்டிட்டுது. நாஸுக்கெண்டு செய்த டிஸ்க் எண்டால் ஒரு ஏழு செக்கனில "ஏலாது" எண்டு சொல்லிப்போட்டு அடுத்ததைப் பாக்கும். டெஸ்க்டொப் டிஸ்க் பிடிவாதக்காரன், விடாது. பதில் வராததைக் கண்ட மென்பொருள் அந்த டிஸ்க் செத்துப்போச்சு எண்டு வெளியில தள்ளிச்சு. ரெய்ட் 5இல ஒண்டு போனால் சமாளிக்கலாம். ரெண்டு போனால் மிச்சம் இருக்கிற ரெண்டிலயும் இருக்கிறது குப்பை, ஏனெண்டால் ஒவ்வொரு கோப்பும் எல்லா டிஸ்க்கிலயும் துண்டு துண்டாக் கிடக்கும்.

அப்ப கூட கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் மீட்டிருக்கலாம். வெளியில தள்ளின டிஸ்க்கைப் பக்குவமா உள்ளுக்கு எடுக்க வழி இருந்தது. நாங்கள் பதறிப்போய், புதுசா ஒரு அணியை உருவாக்கு எண்டு சொல்லி அமத்திப்போட்டம்.

முக்கால்வாசி திரும்பக் கிடைச்சது. கசெட்டுகள் இருந்தது, சிலற்ற போனில மூலப் பதிவு இருந்தது. ஒரு பதிவு மட்டும் இல்லை. ஒரு அண்ணாவியார், எண்பத்திநாலு வயசு, திண்ணையில இருந்து ரெண்டரை மணித்தியாலம் பாடினது. போனில இடம் போதாதெண்டு, "நாஸில ஏத்தியாச்சுதானே" எண்டு அழிச்சிருந்தம். திரும்பப் போய்ப் பதிவம் எண்டு மே மாசம் வெளிக்கிட நிக்கேக்க செய்தி வந்தது. அவற்ற மகளிட்ட நாங்கள் இன்னும் உண்மையை முழுசாச் சொல்லேல்லை. இதை அவ வாசிச்சா எண்டால், அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

கேள்விப்பட்ட ஆக்கள் எல்லாரும் ஒரே குரலில சொன்னவை: "பாத்தீங்களே, கலந்து போட்டதால வந்த வினை."

இல்லை. இதில நாங்கள் ஒரு அங்குலமும் விட்டுக்குடுக்க மாட்டம். ஒரே மாதிரி டிஸ்க்குக்கெண்டு செய்த முறையில கலவையைத் திணிச்சதால வந்த வினை. வேறை பிரதி இல்லாமல் மூலத்தை அழிச்சதால வந்த வினை. டிஸ்க்கின்ட நம்பரைக் கூகிளில ஒருக்காத் தட்டிப் பாக்காததால வந்த வினை. நாலு புது டிஸ்க் பூட்டியிருந்தாலும், போனில அழிச்சது அழிச்சதுதான்.

கலவைக்கெண்டே முறை இருக்கு

கலவை டிஸ்க்குக்கு வழியே இல்லை எண்ட மாதிரிக் கதைக்கிற ஆக்கள், வழியை அறிஞ்சு மறைக்கினம் அல்லது அறியவே இல்லை. சினாலஜி எண்ட பெரிய நாஸ் கொம்பனியே தன்ர பெட்டிகளில கலப்பு ரெய்ட் எண்டு ஒரு முறை வச்சிருக்கு. அதே 4, 2, 2, 1ஐப் போட்டால் 3க்குப் பதிலா 5 டெராபைட் தரும். அப்பிடிக் கலக்கிற முறையை வச்சிருக்கிற அதே கொம்பனி, 2025 ஏப்ரலில, தன்ர புதுப் பிளஸ் பெட்டிகளில தன்ர டிஸ்க்கும் தான் முத்திரை குத்தின டிஸ்க்கும்தான் முழுசா வேலை செய்யும் எண்டு அறிவிச்சது. பாவிக்கிற ஆக்கள் கொதிச்சுப்போய்ச் சண்டை பிடிச்சு, ஒக்டோபரில பின்வாங்கிச்சு. ஆறு மாசம். அந்த ஆறு மாசத்தில வாங்கினவை என்ன செய்திருப்பினமோ தெரியாது.

அதுக்காக, கலவையை அனுமதிக்கிற பெட்டி எல்லாம் நல்லதெண்டும் இல்லை. ட்ரோபோ எண்டு ஒண்டு 2007இல வந்தது. எந்த அளவு டிஸ்க்கையும் செருகலாம், விளக்கு எரிஞ்சால் மாத்தலாம், வேற ஒண்டும் தெரியத் தேவையில்லை. 2022இல கொம்பனி வங்குரோத்துக்குப் போச்சு. அது தரவை எழுதின விதம் அதுக்கு மட்டும் தெரிஞ்ச விதம். பெட்டி பழுதானால், உள்ள இருக்கிற டிஸ்க் எல்லாம் நல்லா இருந்தாலும், இன்னொரு பழைய ட்ரோபோவைத் தேடித் திரியவேணும்.

நாங்கள் இப்ப பாவிக்கிறது ஸ்னாப்ரெய்ட் எண்ட இலவச மென்பொருள். அதில ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு சாதாரண டிஸ்க். கழட்டி வேற கொம்பியூட்டரில கொழுவினால் கோப்புகள் முழுசாத் தெரியும், துண்டாடல் இல்லை. ஆகப் பெரிய டிஸ்க்கை மட்டும் காவலுக்கு விடவேணும். எங்கட 4 டெராபைட் காவலுக்கு நிக்குது, 2, 2, 1 மூண்டும் சேர்ந்து 5 டெராபைட் களஞ்சியம். கிடுகு டிஸ்க்கைக் காவலுக்குப் போடுறேல்லை. அது ஒருக்கா எழுதிவச்சு வாசிக்கிற வேலைக்கு, போராட்ட வீடியோக்களை வச்சுக்கொண்டு சந்தோஷமா இருக்கு.

காவல் எண்டால் என்ன? ஒரு டிஸ்க்கில 7, இன்னொண்டில 5, மூண்டாவதில 3 எண்டு எழுதியிருக்கெண்டு வையுங்கோ. காவல் டிஸ்க்கில கூட்டுத்தொகை 15. அஞ்சு எழுதின டிஸ்க் செத்தால், 15இல இருந்து மற்ற ரெண்டையும் கழிச்சால் அஞ்சு வரும். உள்ளுக்க நடக்கிறது கூட்டல் இல்லை, எக்ஸ்-ஓர் எண்ட வேற கணக்கு, ஆனா சங்கதி இதுதான். ரெண்டு டிஸ்க் ஒண்டாச் செத்தாலும் மற்ற டிஸ்க்கில இருக்கிற கோப்புகளுக்கு ஒண்டும் நடக்காது. போனது மட்டும் போகும்.

இதுக்கும் ஒரு விலை இருக்கு. காவல் உடனுக்குடன் நடக்காது. நாங்கள் கட்டளை குடுக்கிற நேரத்தில மட்டும்தான் கணக்கைத் திருத்தும். இண்டைக்குப் போட்ட பதிவுக்கு, கட்டளை குடுக்கும் வரை காவல் இல்லை. அடிக்கடி மாறுற கணக்குப் புத்தகத்துக்கு இது சரிவராது. ஒருக்கா வச்சால் மாறாத பாட்டுக்கும் கதைக்கும் இதை விட நல்ல முறையை நாங்கள் காணேல்லை. பதிவைப் போட்ட அண்டிரவே கட்டளை குடுக்கிறது, குடுத்தது முடிஞ்சு ஒரு கிழமைக்குப் பிறகுதான் போனில அழிக்கிறது எண்டு சட்டம். முதல் சட்டத்தை மீறினவர் தேத்தண்ணி வாங்கவேணும். ரெண்டாவதை இன்னும் ஒருத்தரும் மீறேல்லை.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். வாற ஒவ்வொரு டிஸ்க்கையும் அதின்ட ஸ்மார்ட் பதிவைப் பாத்துத்தான் எடுக்கிறம்: எத்தினை மணித்தியாலம் ஓடினது, பழுதாகி ஒதுக்கின இடம் எத்தினை, ஒதுக்கக் காத்திருக்கிற இடம் எத்தினை. கடைசி ரெண்டும் பூச்சியம் இல்லாட்டி நன்றி சொல்லித் திருப்பிக் குடுக்கிறம். வேகம் வித்தியாசம் எண்ட கவலையே வேண்டாம், வீட்டு வயரில போற வேகத்தை விட ஆக மெதுவான டிஸ்க்கும் ஏறக்குறைய அதே அளவுதான். உப்புக் காத்துக்குத்தான் பயம். ஸ்குரு எல்லாம் ஒரு வருஷத்தில துரு.

ஒரே பெட்டிக்குள்ளயா?

டிஸ்க்கைக் கலக்கிறதைப் பற்றி வந்த எதிர்ப்பு இவ்வளவுதான் எண்டால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டம். 2023இல, திரும்பக் கட்டி முடிச்சபிறகு, ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அவையின்ட கதையும் எங்கட கதையும் ஒரே பெட்டிக்குள்ளயா தம்பி? வேற வேற பெட்டி வச்சால் என்ன?" அதே மாசம் மற்றப் பக்கத்தில இருந்தும் அதே கேள்வி. எந்தப் பக்கம் எண்டு பிரிச்சுச் சொல்ல விருப்பமில்லை, ரெண்டு பக்கமும் வலி இருக்கு. 1990 ஒக்டோபரில புலிகள் வெளியேறச் சொன்னபோது இந்தத் தீவின்ட முஸ்லிம் சனம் வள்ளங்களில கடலால கற்பிட்டிக்குப் போனது. பேசாலைச் சனம் தொண்ணூறிலயும் திரும்ப 2006இலயும் வள்ளமேறி ராமேஸ்வரம் போனது. 2006 ஜூன் 17 பேசாலைக் கோயிலுக்குள்ள அடைக்கலம் இருந்த சனத்துக்கு மேல குண்டு விழுந்தது. ஒருத்தற்ற பதிவில மற்றவை வில்லனா வருவினம். எங்களுக்குள்ளயும் சண்டை வந்தது. ரெண்டு பேர் கொஞ்சக் காலம் வராமல் விட்டவை.

வேற வேற பெட்டி எண்டால் என்ன நடக்கும் எண்டு கணக்குப் போட்டுப் பாத்தம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காவல் டிஸ்க் வேணும், ஒரு யூபிஎஸ் வேணும். அதை விடுங்கோ, காசு கஷ்டப்பட்டால் வரும். நடைமுறையில வேற வேற பெட்டி எண்டால் ஆற்றயோ அலுமாரி. சங்கத்தின்ட டிஸ்க், கமிட்டியின்ட டிஸ்க், பள்ளிவாசல் டிஸ்க், பங்கின்ட டிஸ்க் எண்டு மன்னாரில எத்தினை டிஸ்க் துணியால சுத்திப் பூட்டி வச்சிருக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியும், போய்க் கேட்டுக் களைச்சிட்டம். சுத்தாமல் வருஷக்கணக்காக் கிடக்கிற டிஸ்க் ஒரு நாள் சுத்தாமலே விடும். தலைவர் மாறினால் திறப்பும் காணாமல் போம்.

இப்ப எங்கட பெட்டியில பேசாலைப் பதிவுகள் சிசிடிவி டிஸ்க்கில. எருக்கலம்பிட்டிப் பதிவுகள் பள்ளிக்கூட டிஸ்க்கில. தனித்தனி டிஸ்க், தனித்தனித் திறவுச்சொல், சொன்ன ஆக்களின்ட அனுமதி இல்லாமல் ஒருத்தரும் கேக்கேலாது. ஆனா காவல் டிஸ்க் ஒண்டுதான். 2024இல சிசிடிவி டிஸ்க் உண்மையிலயே செத்தது. அதைத் திரும்பக் கட்ட, எருக்கலம்பிட்டி டிஸ்க்கை முதல் எழுத்தில இருந்து வாசிக்க வேண்டியிருந்தது. பத்து மணித்தியாலம் ஓடிச்சு. காலமை வந்து பாக்கேக்க ஒரு கோப்பும் குறையேல்லை. அந்தப் பெரியவரைக் கூட்டிவந்து காட்டினம். கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "அவையின்ட டிஸ்க் நல்லா இருக்கோ?" எண்டு கேட்டார்.

"இதெல்லாம் ஏன், பேஸ்புக்கில போடுங்கோவன்" எண்டு சொல்லுற ஆக்களோட கனக்கக் கதைக்க விருப்பமில்லை. கூகிள் படங்களை அளவில்லாமல் சும்மா வச்சிருக்கலாம் எண்டு சொல்லி, 2021 ஜூனோட அந்தக் கதையை முடிச்சது ஞாபகம் இருக்குத்தானே. வாட்ஸ்அப்பில சாதாரணமாப் போட்ட வீடியோ நசுங்கித்தான் வரும். பழைய புத்தகம், சஞ்சிகை எண்டால் 2005இல இருந்து நூலகம் செய்யிற வேலை இருக்கு, அது வேற, அது மதிக்கவேண்டியது. ஒரு உம்மம்மா பேர் சொல்லாதே எண்டு அழுதுகொண்டு சொன்ன கதையை எங்க கொண்டுபோய்ப் போடுறது?

ஒண்டு மட்டும் எங்களுக்கு எதிராகவே சொல்லவேணும். ஒரு பெட்டி, எவ்வளவு கெட்டித்தனமாக் கலந்து கட்டினாலும், ஒரு பெட்டிதான். 1981இல யாழ்ப்பாண நூலகத்தில 97,000 நூல் எரிஞ்சது. ஒரு கட்டடத்துக்குள்ள மட்டும் இருந்த ஏடுகளுக்கு என்ன நடந்ததெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. தீ வேண்டாம், ஒரு வெள்ளம் போதும், ஒரு கள்ளன் போதும், எங்களில ஒருத்தற்ற கை பிழையான இடத்தில அமத்தினாலும் போதும். காவல் டிஸ்க் இதில பெரும்பாலானதுக்கு உதவாது. டிஸ்க் எல்லாம் ஒரே மொடலா எண்டு கேக்கிற அண்ணைமார் ஒருத்தரும், ரெண்டாவது பிரதி எங்க இருக்கெண்டு எங்களிட்டக் கேட்டதில்லை. கேக்கவேண்டியது அதுதான்.

ரெண்டாவது பிரதி புத்தளத்தில இருக்கு. இடம்பெயர்ந்து போய் அங்கயே தங்கின ஒரு குடும்பத்தின்ட வீட்டில, மூண்டு போர்ட்டபிள் டிஸ்க்கா, மூண்டும் மூண்டு கொம்பனி. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எங்களில ஒருத்தர் புதுப் பிரதியைத் துவாயில சுத்திப் பையில வச்சுக்கொண்டு மதவாச்சி வழியா பஸ்ஸில போறம், பழசைக் கொண்டுவாறம். போனமுறை போன பெடியன் பேசாலையான். சாச்சி சோறு போட்டுத்தான் அனுப்பினவ, கருவாட்டுப் பொட்டலத்தோட.

மூண்டாவது பிரதிக்கு இன்னும் டிஸ்க் இல்லை. உங்கட வீட்டில, பழைய லப்டொப்புக்குள்ளயோ உடைஞ்ச சிசிடிவி பெட்டிக்குள்ளயோ ஒண்டு கிடந்தால் தாங்கோ. 500 ஜிபி எண்டாலும் வரட்டும். கொம்பனி கேக்க மாட்டம். எத்தினை மணித்தியாலம் ஓடினதெண்டு மட்டும் கேப்பம்.